வாலைப் பார்த்தால் பேர் தெரியும்: ஒரு கார்த்திகை மாத ஏரிப் பயணம்

வெள்ளி, மதுராந்தகம்

ஐப்பசியில் மழை பிடித்ததும் எனக்கு வாட்ஸப்பில் படங்கள் வரத் தொடங்கிவிடும். வாசற்படியில் கிடந்தது, மொட்டைமாடித் தொட்டியில் மிதந்தது, மீன் வாங்கின பையோடு வந்தது என்று விதவிதமான நீர்ப்பூச்சிகள். கூடவே இரண்டு கேள்விகள் வரும்: இது என்ன, இது விஷமா? பாதிப் படங்களில் பூச்சி செருப்படி பட்டு நசுங்கியிருக்கும். நசுக்கிவிட்டுப் பேர் கேட்கிறார்களே என்று வருஷா வருஷம் மனசு வலிக்கும். அதனால்தான் இந்தக் கார்த்திகையில் செங்கல்பட்டு ஏரிகளில் தொடங்கி, வீராணம், காவிரி வயல்கள் வழியாகத் திருநெல்வேலிக் குளங்கள் வரை போய், இவற்றை அவை வாழும் தண்ணீரிலேயே பார்த்து, அன்றன்றைக்கு எழுதிப் போடுவதென்று கிளம்பிவிட்டேன். பையில் ஒரு கைவலை, ஒரு வெள்ளைத் தட்டு, ஸ்கேல், பூதக்கண்ணாடி, டார்ச். வேறு ஒன்றும் வேண்டாம்.

முதல் ஆள் மதுராந்தகத்துக்குச் சற்று முன்னால், நெடுஞ்சாலை ஓரத்து பெட்ரோல் பங்க்கிலேயே கிடைத்துவிட்டது. மழை விட்டிருந்தது. வெள்ளை விளக்குகளுக்குக் கீழே தரையெல்லாம் ஈசல் இறகு. நடுவில் பழுப்பு நிறத்தில், தட்டையாக, மல்லாந்து கிடந்தது அது.

"அண்ணா, கிட்டப் போகாதீங்க. பறக்குற கரப்பான் அது. கடிச்சா அவ்ளோதான்" என்றார் பெட்ரோல் போடும் பையன்.

ஸ்கேலை வைத்துப் பார்த்தேன்: 7 சென்டிமீட்டர். அறிவியல் பேர் லெத்தோசிரஸ் இண்டிகஸ். தமிழில் ராட்சத நீர்ப்பூச்சி என்று சொல்லலாம். தெற்கு ஆசியா, தென்கிழக்கு ஆசியா முழுக்க உண்டு. நம் ஊர்த் தண்ணீரில் இதைவிடப் பெரிய பூச்சியைப் பார்ப்பது அரிது.

கரப்பானுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்தத் தம்பிக்கு அங்கேயே காட்டினேன். கரப்பானுக்கு மீசை உடம்பு நீளத்துக்கு இருக்கும், எந்நேரமும் ஆடிக்கொண்டிருக்கும். இதற்கு மீசை இருப்பதே தெரியாது. தலைக்கு அடியில் கண்ணுக்குப் பின்னால் மடங்கிக் கிடக்கும். கரப்பானுக்கு மெல்லும் வாய். இதற்குக் கூரான குட்டை மூக்கு, நெஞ்சுப் பக்கமாக மடிந்திருக்கும். முன்னங்கால்கள் பருத்து, முனையில் கொக்கியோடு இருக்கும். இரையைப் பிடிக்கிற கால்கள் அவை. பின்னங்கால்கள் துடுப்பாகத் தட்டையாகி, ஓரத்தில் மயிர் வரிசையோடு இருக்கும். முன்இறகின் பாதி தோலாகவும் மீதி மெல்லிய சவ்வாகவும் இருக்கும். இது மூட்டைப்பூச்சியும் நாவாய்ப்பூச்சியும் சேர்ந்த இனக்கூட்டம். கரப்பானோடு நெருங்கிய உறவு இல்லை.

கடைசியாக வாலைப் பார்க்கச் சொன்னேன். வயிற்றின் நுனியில் இரண்டு குட்டைப் பட்டைகள், வேண்டும்போது நீட்டி வேண்டாதபோது உள்ளே இழுத்துக்கொள்கிறபடி இருக்கும். அவைதான் மூச்சுக்கு. தலைகீழாகத் தொங்கியபடி, அந்தப் பட்டைகளை மட்டும் தண்ணீர்ப் பரப்பில் தொட்டு, காற்றை இறகுக்கடியில் சேர்த்துக்கொள்ளும். மீன், தவளை, தலைப்பிரட்டை எது அருகில் வந்தாலும் அள்ளிப் பிடித்து, மூக்கைக் குத்தி, செரிக்க வைக்கும் நீரை உள்ளே செலுத்தி, கரைந்ததை உறிஞ்சும். கையில் பிடித்தால் நம்மையும் குத்தும். வலி கடுமையாக இருக்கும், சில மணி நேரம் நீடிக்கும். ஆனால் ஆள் சாகிற விஷம் அதில் இல்லை. சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த ஒத்தடம் கொடுக்க வேண்டும். வீக்கம் ஏறிக்கொண்டே போனால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அது ஏன் பங்க்குக்கு வந்தது? இவை இரவில் ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் பறந்து போகும். நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளிக்குத் தனி அடையாளம் உண்டு. அதன் அதிர்வு கிடைமட்டமாக ஒழுங்குபட்டிருக்கும். நீர்ப்பூச்சிகளின் கண்ணுக்கு அது தெரியும் என்பதை 1980களில் ஜெர்மனியின் ருடால்ஃப் ஷ்விண்ட் சோதனை செய்து காட்டினார். நனைந்த தார்ச்சாலை, கார்க் கூரை, கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பு எல்லாமே அதே வகை ஒளியைத் திருப்புகின்றன. விளக்கும் சேர்ந்து இழுக்கிறது. ஏரி என்று நம்பி இறங்கியது சிமெண்ட் தரையில். காய்ந்த தரையிலிருந்து அதனால் எளிதில் கிளம்ப முடியாது.

அட்டையில் தள்ளி ஏற்றி, வாளித் தண்ணீரில் விட்டு, அந்தத் தம்பியே பங்க்குக்குப் பின்னாலிருந்த குட்டையில் கொண்டுபோய்க் கொட்டினார். தண்ணீர் பட்டதும் அது பின்னங்கால் இரண்டையும் ஒரே வீச்சில் உதைத்து அடியில் போய் மறைந்தது. "யப்பா" என்றார். அவர் முகத்தில் பயம் போய் ஆசை வந்துவிட்டது.

சனி, வீராணம்

காலையில் வேடந்தாங்கலுக்கு ஒரு நடை. நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டத் தொடங்கியிருந்தன. பறவை எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று ஊரார் தலைமுறைகளாகக் காத்து வந்த ஏரி; 1798-இலேயே செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் அந்தப் பாதுகாப்பை ஏற்றுக்கொண்டார். அங்கே தண்ணீரில் கை வைக்கக் கூடாது, வைக்கவும் இல்லை. விழுப்புரம், சேத்தியாத்தோப்பு என்று பஸ் மாறி மாலைக்குள் காட்டுமன்னார்கோயில் பக்கம் வந்துவிட்டேன்.

சோழர் காலத்தில், பராந்தகன் பெயரோடு இணைந்து எழுந்த ஏரி வீராணம். கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாற்று வாய்க்காலில் தண்ணீர் வந்து நிறைகிறது. கரையில் நின்றால் எதிர்க்கரை தெரியாமல் காற்று மட்டும் வந்து அடிக்கிறது. லால்பேட்டைப் பக்கம் வலையை உதறிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், மீனைத் தவிர எது விழுந்தாலும் நான் பார்க்கலாமா என்று கேட்டேன். "மீனை வுட்டுட்டு பூச்சிய தேடுறீங்களே தம்பி" என்று சிரித்தாலும், குப்பையைத் தனியாக ஒதுக்கி என் தட்டில் போட்டுக்கொடுத்தார்.

சேற்றுக்குள் ஓர் அழுகின இலை நகர்ந்தது. "பாத்து, தண்ணித்தேளு. வால்ல கொட்டிடும்."

நீர்த்தேள் என்ற பேரில்தான் எல்லாரும் இதைச் சொல்கிறார்கள். பேரில் தேள் இருப்பதால்தான் அடி வாங்குகிறது. லாக்கோட்ரெஃபஸ் என்ற இனம். உடம்பு நாலு சென்டிமீட்டருக்குள், பின்னால் கிட்டத்தட்ட அதே நீளத்துக்கு ஒரு வால். அந்த வாலைப் பெரியவரின் கண்முன்னே ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டேன். அது இரண்டு இழைகளாகப் பிரிந்தது. ஒவ்வொன்றும் பாதிக் குழாய். சேர்ந்தால் முழுக் குழாய். கொடுக்கு கிடையாது, விஷப்பை கிடையாது. சேற்றில் படுத்தபடியே அந்தக் குழாயின் நுனியை மட்டும் மேலே நீட்டி மூச்சு விடும். அதனால்தான் கரையோரத்தில், குழாய் எட்டுகிற ஆழத்தில் மட்டுமே இருக்கிறது. நீந்தவும் சரியாக வராது, நடந்துதான் போகும்.

முன்னால் நீண்டிருக்கிற இரண்டு கால்களைத்தான் தேளின் இடுக்கி என்று நினைத்துக்கொள்கிறோம். எண்ணிப் பாருங்கள்: தேளுக்கு நடக்கிற கால் எட்டு. இதற்கு முன்னங்கால்களையும் சேர்த்து மொத்தமே ஆறு. இறகை ஒதுக்கினால் வயிற்றின் மேற்புறம் நல்ல சிவப்பு. பெரியவர் அதைப் பார்த்துவிட்டுப் பேரனைக் கூப்பிட்டார். "இத்தினி வருஷமா இத மிதிச்சிக்கிட்டுக் கெடந்தோம். வால்ல ஒண்ணுமில்லியாம்டா, வாடா வந்து பாரு."

அதே குப்பையில் இன்னொன்றும் இருந்தது, குச்சி போல. ரனாட்ரா. அதே குடும்பம், அதே குழாய், உடம்பு மட்டும் ஈர்க்காக நீண்டது. கோரைத் தண்டில் தலைகீழாக ஒட்டியிருந்தால் எவர் கண்ணுக்கும் தெரியாது. இதன் முட்டையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அழுகின தண்டுக்குள் முட்டையைப் புதைக்கும். ஒவ்வொரு முட்டையிலிருந்தும் இரண்டு மெல்லிய இழைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முட்டைக்கும் மூச்சு வேண்டுமே, அந்த இழைகள் அதற்குத்தான்.

நேற்றைய பூச்சியின் பட்டை, இன்றைய பூச்சியின் குழாய் இரண்டையும் அடுத்தடுத்துக் குறித்து வைத்தபோது ஒன்று பளிச்சென்று பட்டது. நிறம், நீளம் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. தண்ணீரில் வாழும் பூச்சி மூச்சை எங்கிருந்து எப்படி எடுக்கிறது என்று பார்த்தாலே அது யாரென்று பாதி தெரிந்துவிடுகிறது. இனி வருகிற ஊர்களில் இதை வைத்துத்தான் பார்க்கப் போகிறேன்.

ஞாயிறு, அணைக்கரை

அணைக்கரைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் மீன்குஞ்சுப் பண்ணை. கட்லா, ரோகு, மிர்கால் நுண்குஞ்சுகளை விடுவதற்கு முந்தின நாள். பண்ணையைப் பார்த்துக்கொள்கிற அக்கா ஒரு பெரிய அண்டாவில் சோப்பையும் எண்ணெயையும் காய்ச்சிக்கொண்டிருந்தார். ஹெக்டேருக்கு 56 கிலோ எண்ணெய், 18 கிலோ சோப்பு என்பது மீன் வளர்ப்பில் பல பத்தாண்டுகளாக இருந்துவரும் கணக்கு. குளத்தின் அளவுக்குத் தக்கபடி குறைத்துக்கொள்வார்கள். காற்று வீசாத நேரத்தில் தெளித்தால் தண்ணீர் மேல் மெல்லிய படலம் பரவும்.

"இதுல ஏங்க்கா பூச்சி சாகுது?"

"மேல வந்து மூச்சு வாங்குற பூச்சிக்கெல்லாம் எண்ணெய் போயி அடைச்சிக்கும் தம்பி. மூச்சு முட்டிப் போவும்."

நான் நேற்று இரவு நோட்டில் எழுதியதை இந்த அக்கா அடுப்படியில் நின்றுகொண்டே சொல்லிவிட்டார்.

தெளிப்பதற்கு முன்னால் வலை போட்டுப் பார்க்க விட்டார்கள். இரண்டு வகைப் பெரிய நீர்வண்டுகள் வந்தன. இவற்றை ஒன்றென்று நினைப்பவர்கள்தான் அதிகம், எனக்கு வரும் படங்களிலும் இந்தக் குழப்பம்தான் கூடுதல். இரண்டையும் ஒரே கண்ணாடித் தொட்டியில் விட்டுக் காத்திருந்தோம். ஒன்று, ஓரங்களில் மஞ்சள் கரை போட்ட சிபிஸ்டர், பின்புறத்தை மேலே தூக்கி வந்து நீர்ப்பரப்பில் முட்டி, இறகு மூடிக்கு அடியில் காற்றை நிரப்பிக்கொண்டு இறங்கியது. இன்னொன்று, முழுக் கறுப்பாக, முதுகு இன்னும் உருண்டிருந்த ஹைட்ரோஃபிலஸ் வகை, தலையைச் சாய்த்து மேலே வந்தது. அதன் கட்டையான மீசைதான் நீர்ப்படலத்தைக் கிழித்துக் காற்றுக்கு வழி விடுகிறது. அந்தக் காற்று வயிற்றுப்புறம் முழுக்க வெள்ளிப் பூச்சாகப் பரவிக்கொள்கிறது. நீச்சலிலும் வித்தியாசம் உண்டு. சிபிஸ்டர் பின்னங்கால் இரண்டையும் சேர்த்து உதைக்கும். மற்றது மாற்றி மாற்றி உதைக்கும், தண்ணீருக்குள் நடப்பதாகத் தோன்றும்.

கையில் எடுக்கிறவர்களுக்கு ஒன்று: அந்தக் கறுப்பு வண்டின் நெஞ்சுக்கடியில் பின்னோக்கி ஒரு முள் ஓடும். இறுக்கிப் பிடித்தால் குத்தும். சிபிஸ்டரில் ஆணின் முன்னங்காலில் வட்டமான ஒட்டுத்தகடு இருக்கும். இணை சேரும்போது பெண்ணின் வழுக்கும் முதுகைப் பிடித்துக்கொள்ள அது வேண்டும்.

அக்காவுக்கு வளர்ந்த வண்டுகளை விட அவற்றின் புழுக்கள் மேல்தான் கோபம். அரிவாள் மாதிரி வளைந்த தாடையோடு ஒரு சிபிஸ்டர் புழு வலையில் நெளிந்தது. அந்தத் தாடைக்குள்ளேயே துளை ஓடுகிறது; மீன்குஞ்சைக் கவ்வியபடியே உறிஞ்சிவிடும். அதுவும் வால் நுனியை மேலே வைத்துத்தான் மூச்சு விடுகிறது. "நாப்பதாயிரம் குஞ்சு வுட்டா பாதி இதுங்களுக்கே போயிரும், நாங்க என்னத்த விக்கிறது?" என்றார். எனக்கு மறுத்துச் சொல்ல மனசு வரவில்லை. ஒரு குடும்பம் பிழைக்கிற நாற்றங்கால் குளத்தில், ரசாயன மருந்து இல்லாமல், ஒருநாள் எண்ணெய் தெளிப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஏரியில், கோயில் குளத்தில், வாய்க்காலில் கொல்வதற்குத்தான் எந்தக் காரணமும் இல்லை. பிடித்த வண்டுகளை வாளியோடு கொடுத்துவிட்டார். கொள்ளிடத்துப் பக்கம் தேங்கியிருந்த ஒரு குட்டையில் விட்டேன்.

கிளம்பும்போது அக்கா சொன்ன இன்னொரு சேதி: எண்ணெய் தெளித்தாலும் தட்டான் குஞ்சு மட்டும் பிழைத்துக் கிடக்கும், அதை வலை போட்டுத்தான் எடுக்க வேண்டும். ஏன் என்பதைக் கூந்தன்குளத்தில் எழுதுகிறேன்.

திங்கள், கும்பகோணத்துக்கு மேற்கே

சம்பா வயலில் களையெடுப்பு. வரப்பில் நான் உட்கார்ந்ததும் களையெடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா கையைத் தண்ணீரிலிருந்து வெடுக்கென்று இழுத்தார். "சனியன், புடுங்கிருச்சு." எது என்று கேட்டு வலையை விட்டேன். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய, முட்டை வடிவப் பழுப்புப் பூச்சி. முதுகு முழுக்க வெளிர் நிறத்தில் எதையோ நட்டு வைத்ததுபோல் நெருக்கமாக ஒட்டியிருந்தது.

"முதுகெல்லாம் சொறி புடிச்சிருக்கு பாருங்க" என்றார் அம்மா.

முட்டைகள்மா, என்றேன். சுமப்பது அப்பன்காரன்.

அவர் களையைக் கீழே போட்டுவிட்டு வரப்பேறி வந்தார். அவரோடு மற்ற நால்வரும்.

டிப்ளோனைக்கஸ். வெள்ளிக்கிழமை பார்த்த ராட்சதனின் குடும்பம்தான், உருவத்தில் சின்னது. பெண் ஆணின் முதுகில் முட்டைகளை ஒட்டிவிட்டுப் போய்விடும். பொரிக்கும் வரை ஆண் சுமக்கும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசி வரை, இந்தக் குடும்பத்தில் முட்டை சுமப்பது தாய்தான் என்று அறிஞர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1899-இல் அமெரிக்காவில் ஃபுளோரன்ஸ் வெல்ஸ் ஸ்லேட்டர் என்ற பெண், சுமப்பவை ஆண்கள் என்று எழுதினார். பிறகு அரிசோனாப் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஸ்மித் பல ஆண்டுகள் இதே பூச்சிகளின் அங்குள்ள உறவுகளைப் பார்த்து, தகப்பன் எதற்கு என்பதற்கு ஒரு விளக்கம் சொன்னார். எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் அது.

பெரிய பூச்சிக்குப் பெரிய முட்டை. பெரிய முட்டைக்கு நிறைய ஆக்சிஜன் வேண்டும். தண்ணீருக்குள் ஆக்சிஜன் குறைவு, முட்டைக்குப் போய்ச் சேர்வதும் மெதுவாக. தண்ணீருக்கு மேலே ஒட்டினால் காற்று உண்டு, ஆனால் காய்ந்துவிடும். உள்ளே விட்டால் மூச்சு முட்டும், வெளியே விட்டால் வறண்டுவிடும். இதற்கு ஒரே குடும்பம் இரண்டு வழி கண்டிருக்கிறது. லெத்தோசிரஸ் தாய், நீரிலிருந்து எழும் தண்டில் மேலே முட்டையிடுகிறாள். தந்தை கீழேயிருந்து தண்ணீரோடு ஏறி வந்து முட்டைகளை நனைத்துவிட்டுப் போகிறான். டிப்ளோனைக்கஸில் தந்தையே முட்டைகளைச் சுமந்து நீர்ப்பரப்புக்கும் அடிக்கும் இடையே போய் வருகிறான், நீர்ப்பரப்பில் நின்றபடி உடம்பை ஆட்டிக்கொடுக்கிறான். சுமக்காமல் கைவிட்டால் முட்டைகள் பிழைப்பதில்லை.

இவை கொசுப்புழுவைத் தின்று குவிக்கும் என்பதையும் சொன்னேன். தட்டில் அது முதுகை ஆட்டுவதை ஐவரும் குனிந்து பார்த்தார்கள். "எங்க வூட்டுக்காரரு ஒரு நாளு புள்ளையத் தூக்குனதில்ல" என்று ஒருவர் சொல்ல, வயலே சிரித்தது. கடி வாங்கின அம்மாதான் அதைத் தன் கையால் தட்டோடு சாய்த்துத் தண்ணீரில் விட்டார். பக்கத்து வயலுக்குக் குருணை மருந்து போட்டிருந்தார்கள். அங்கே வலை போட்டேன். ஒன்றுமே வரவில்லை.

செவ்வாய், பஸ்ஸில்

தஞ்சாவூர், மதுரை, திருநெல்வேலி. வழி முழுக்க மழை. மதுரையில் பஸ் நிலையத்து விளக்கடியில் ஒரு சிபிஸ்டரை எடுத்து, டிபன் டப்பாவில் வைத்து, அடுத்த ஊர்க் கண்மாயில் விட்டது மட்டும்தான் இன்றைய வேலை.

புதன், கூந்தன்குளம்

நாங்குநேரிக்குப் பக்கத்தில் உள்ள ஊர். வீட்டு வாசல் வேம்பிலும் புளியிலும் மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டினால் விரட்டாமல் காக்கிற ஊர். 1994-இல் சரணாலயம் ஆனது. வரித்தலை வாத்துகள் இனிமேல்தான் வரும். சரணாலயத்துக்குள் போகாமல், ஊருக்கு வெளியே மழைத்தண்ணீர் நின்ற ஒரு பள்ளத்தில் வலையைப் போட்டேன். பள்ளி விட்டு வந்த பையன்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"லேய், தேள்குட்டிலே!"

தட்டான் குஞ்சு. பச்சையும் பழுப்புமாக, இரண்டு பெரிய கண்களோடு. மேலே வந்து காற்று வாங்குகிறதா என்று தட்டில் பார்க்கச் சொன்னேன். பையன்கள் அசையாமல் காத்தார்கள். வரவே இல்லை. இதற்குச் செவுள் உண்டு, அது குடலின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. ஆசனவாய் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்து, அதிலிருந்தே ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. பண்ணையில் எண்ணெய் இதை ஒன்றும் செய்யாததற்குக் காரணம் இதுதான். அதே தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் முன்னால் பாயவும் செய்யும். ஒரு பையன் விரலைக் கொண்டுபோனான், பூச்சி விருட்டென்று பாய்ந்தது, எல்லாரும் ஒரே கூச்சல். முகத்துக்கடியில் மடித்து வைத்திருக்கும் கீழுதட்டை நீட்டி இரையைப் பிடிப்பதையும் கொசுப்புழு விட்டுப் பார்த்தோம். வால் நுனியில் மூன்று மெல்லிய இலைகள் இருந்தால் அது ஊசித்தட்டானின் குஞ்சு.

பள்ளத்துக்கு மேலே மஞ்சள் தட்டான்கள் நூற்றுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்தன. பாண்டலா ஃப்ளாவெசென்ஸ். மழைக்குட்டை வற்றும் முன்னே வளர்ந்துவிடக்கூடியது, குஞ்சுப் பருவம் ஒன்றரை மாதத்திலேயே முடிந்துவிடும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இவை மாலத்தீவில் கூட்டமாக வந்து இறங்குவதைக் கவனித்த சார்லஸ் ஆண்டர்சன், இவை இந்தியாவிலிருந்து கடல் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகின்றன என்று 2009-இல் எழுதினார். வழியில் நன்னீர்க் குட்டை அரிது. நாங்குநேரிப் பள்ளத்தில் கிடக்கிற இந்தத் தேள்குட்டிக்கு முன்னால் அப்படி ஒரு பயணம் இருக்கிறது என்று சொன்னதும், பையன்கள் தட்டைச் சாய்க்க என்னை விடவில்லை, தாங்களே சாய்த்தார்கள்.

நாளை ஊர் திரும்புகிறேன். இனி படம் அனுப்புகிறவர்களுக்கு: மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, வால் நுனி தெளிவாகத் தெரிய ஒன்று. பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வையுங்கள். முடிந்தால் ஒரு கிண்ணம் தண்ணீரில் விட்டு, மூச்சு வாங்க எப்படி மேலே வருகிறது, தலை முன்னாலா வால் முன்னாலா, அல்லது வரவே இல்லையா என்று ஐந்து நிமிஷம் பார்த்து எழுதுங்கள். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் வேண்டாம், மழைத்தண்ணீர் நல்லது. வெறுங்கையால் தொடாமல் அட்டையில் ஏற்றி, இருட்டின பிறகு, பக்கத்து ஏரியிலோ குளத்திலோ விட்டுவிடுங்கள்.